பால் பொங்கிய இடம்

போன மாதம் புதுச்சேரியில் ஒரு காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். அந்தக் கடைக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளே சிவப்பு சிமெண்ட் தரை பளபளவென்று தெரிந்தது. கால் என்னைக் கேட்காமலே செருப்பை உதறிவிட்டது. பரிமாறுகிற பையன் ஓடிவந்து, "செருப்போடவே வரலாம் சார்" என்றான். என் தலை நரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நல்ல பிள்ளை.

உட்கார்ந்த பிறகும் என் கவனம் காப்பியில் இல்லை. தரையில் அங்கங்கே மெல்லிய விரிசல் ஓடியது. கேட்டால், அது டிசைனாம். வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்களாம். எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டேன். மெஷின் வரும் சார், தேய்த்துவிட்டுப் போகும் என்றான். நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, கைக்குட்டையைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்து, தரையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். ஏதோ மருந்து வாசனை அடித்தது. தேங்காய் எண்ணெய் வாசனை இல்லாத சிவப்புத் தரையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு வாசனை. ஒன்று மீன் குழம்பு. அது எல்லா நாளும் உண்டு. இன்னொன்று, அம்மா பழைய வேட்டித் துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து, மண்டி போட்டுப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து தரை துடைக்கும்போது எழும் வாசனை. அம்மாவின் தலையில் வைத்த எண்ணெயைவிடத் தரையில் வைத்த எண்ணெய் ஜாஸ்தி என்று அப்பா சொல்வார். அம்மா வாசல்வரை பின்னாலேயே வந்து, கடைசி முழத்தையும் துடைத்துவிட்டு, படியில் இறங்கி நின்று ஒரு பார்வை பார்ப்பாள். நாங்களெல்லாம் தெருவில் நிற்போம். எண்ணெய் இறங்கும்வரை யாருக்கும் உள்ளே இடமில்லை.

அம்மாவுக்கு அந்தத் தரைமேல் அப்படி ஒரு பித்து வந்ததற்குக் காரணம் உண்டு. சுனாமிக்கு முன்னால் எங்கள் குப்பத்து வீட்டில் தரை என்று தனியாக ஒன்று கிடையாது. மணல்தான் தரை. அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் தெருக்களில் மீன் விற்கப் போகிறபோது, சில வீடுகளில் கதவிடுக்கு வழியாக இந்தச் சிவப்புத் தரையைப் பார்ப்பாளாம். அவர்கள் பாத்திரத்தை வாசலுக்கே கொண்டுவந்து மீன் வாங்கிக்கொள்வார்கள். உள்ளே போக வேலை இல்லை. அந்தத் தரையில் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வருவேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அலை வந்து போன பிறகு அடுப்பங்கரையிலிருந்து சாமி படம்வரை மணல் மூடிக் கிடந்தது. நானும் அக்காவும் அப்பாவும் அள்ள, அம்மாவும் அள்ள, அள்ளத் தீரவில்லை. அன்றைக்கு மணலோடு பிடித்த சண்டையை அம்மா கடைசிவரை விடவில்லை.

கடலிலிருந்து தள்ளி, எங்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். சாதாரண சிமெண்ட் தரை. அம்மாவின் ஆசைக்காகக் குடிபோவதற்கு முன்னால் அதன்மேல் சிவப்புத் தரை போடச் சொல்லி அப்பா நாகப்பன் கொத்தனாரைக் கூட்டிவந்தார். நாகப்பன் எதைக் கட்டினாலும் நூறு வருசம் வரும் என்பார். எங்கள் தெரு மாட்டுத்தொட்டிக்கும் நூறு வருசம்தான் சொல்லியிருந்தார். சிமெண்டோடு சிவப்புப் பொடியைக் கலந்து, பரப்பி, கரணையால் இழைத்து இழைத்து, முகம் தெரிகிற மாதிரி செய்துவிட்டார். பிறகு சுற்றிலும் மண்ணால் வரப்பு கட்டி, ஹாலில் தண்ணீரை நிறுத்தினார். பத்து நாளாவது தண்ணீர் குடித்தால்தான் தரைக்குப் பலம் என்றார். அப்பா வாசலில் நின்று அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து, "ஒரு வலை போட்டுப் பாக்கலாமா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

தண்ணீரை வடித்த அன்றே அம்மாவின் சட்டங்கள் அமலுக்கு வந்தன. வாசலில் ஒரு அண்டா தண்ணீர், சொம்பு, கோணிச்சாக்கு. யாராக இருந்தாலும் கால் கழுவி, சாக்கில் துடைத்து, அப்புறம்தான் உள்ளே. கட்டில் கால், மேசைக் கால் எல்லாவற்றுக்கும் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி அடியில் வைத்தாள். எலுமிச்சை, புளி பட்டால் தரை வெளுக்கும் என்று நாகப்பன் சொல்லிவிட்டுப் போனதால், மீன் பிடிக்கிறவர் வீட்டு ஹாலுக்குள் மீன் குழம்பு வரக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் அப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் கம்பெனி பூட்ஸ் தெருவைத் தாண்டி வரக் கூடாது. ஆசிட் ஒட்டியிருக்குமாம். நான் பார்த்தது கணக்கு வேலை, ஆசிட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று எவ்வளவோ சொன்னேன். பூட்ஸ் பூவரச மரத்தடியிலேயே கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் அதற்குள் தவளை குடிவந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் மணலைப் பற்றியது. ஒரு பொடி மணல் செருப்போடு வந்து தேய்ந்தால் தரையில் கீறல் விழும். அது உண்மைதான், சிவப்புத் தரைக்கு மணலைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஆனால் அம்மா அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாள் பாருங்கள்.

குடிபோவதற்காகப் பால் காய்ச்சிய நாளுக்கே வருகிறேன். ஹால் நடுவில் மூன்று செங்கல் வைத்து, அடுப்பு மூட்டி, புதுப் பானையில் பால் பொங்க வேண்டும். செங்கல்லுக்கு அடியில் மணல் பரப்புவது எல்லார் வீட்டிலும் வழக்கம். தரை சுடக் கூடாது என்பதற்காக. பெரியப்பா அதற்காகவே விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் ஒரு கூடை நல்ல மணல் அள்ளித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"மணலுக்கு இந்த வூட்ல எடம் கெடையாது மாமா. அப்படியே வெளிய கொட்டிடுங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். மணல் தெருவுக்குப் போயிற்று. செங்கல் நேராகத் தரைமேல் உட்கார்ந்தது. சவுக்குச் சுள்ளி நன்றாகப் பிடித்து எரிந்தது. பால் கிழக்குப் பக்கமாக நுரைத்துப் பொங்கி வழிந்தது. எல்லாரும் சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பானைக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ வெடி வைத்தார்கள் என்றே நான் நினைத்தேன். நெருப்பை அள்ளி, செங்கல்லை நகர்த்திப் பார்த்தால், ஒரு தாம்பாளம் அளவுக்குச் சிவப்பு பொரிந்து தெறித்துப்போய், அடியில் சாம்பல் நிறத்தில் பழைய சிமெண்ட் பல்லை இளித்தது. கடற்கரையில் குடியிருந்துகொண்டு, ஒரு கூடை மணல் இல்லாமல் தரையை வெடிக்கவிட்ட குடும்பம் தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. நாகப்பனைக் கூட்டிவந்து, நூறு வருசம் என்றீர்களே என்று அப்பா கேட்டார். "தரைக்குத்தான் சொன்னேன். அடுப்புக்குச் சொல்லலியே" என்றார் நாகப்பன். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஒட்டுப் போட்டார். ஒட்டின் நிறம் தனியாகத் தெரிந்தது. தரை செங்கல் சிவப்பு என்றால் ஒட்டு பீட்ரூட் சிவப்பு. போகப் போகச் சேர்ந்துவிடும் என்றார். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டாள். இரண்டும் ஒன்றாகக் கறுத்தன. மெழுகுவத்தி தேய்த்தாள், இரண்டும் ஒன்றாகப் பளபளத்தன. நாங்கள் அந்த வேற்றுமையோடு வாழப் பழகிக்கொண்டோம். வருகிறவர்கள்தான் பழகவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க முதலில் ஒரு குடும்பம் வந்தது. ஒட்டின்மேல் பாய் விரித்து வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை, காற்று வரவில்லை என்று பாயை இழுத்து ஃபேனுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். அம்மாவுக்குப் பொய் வராது. பால் காய்ச்சும்போது வெடித்த இடம் என்றாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பால் காய்ச்சின அன்றே தரை வெடித்த வீடாம், அந்த வீட்டுப் பெண் வேண்டாமாம் என்று சுற்றி வளைத்துக் காதுக்கு வந்தது. அக்கா அதற்கு வருத்தப்படவில்லை. அவளுக்கு வேறு கணக்கு இருந்தது.

அக்கா அமுதா அப்போது தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய், கீழ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை. அங்கே குமரன். ஊரெல்லாம் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆளுயரப் படம் வைக்க ஆரம்பித்த காலம். மாடியில் பெயர்களைப் பிழையாக அடிப்பார்கள், கீழே வந்து அக்காவிடம் திருத்திக்கொண்டு போவார்கள். எத்தனை பிழை வேண்டுமென்றே விடப்பட்டது என்று குமரன் மாமா இன்றுவரை சொல்லவில்லை. அவர்களும் எங்கள் சனம்தான். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் தங்கிவிட்டவர்கள். அதனால் பெரியவர்கள் பேசினால் முடியக்கூடிய காரியம். குமரனின் அம்மா ஒருவரைத் தவிர.

அந்த அம்மாவின் சகுனப் பற்று சிதம்பரம் பூராவும் பிரசித்தம். முதல்முறை எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு, பாதியில் திரும்பிவிட்டார்கள். புறப்படும்போது யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் காரியம் நடக்காதாம். கேட்டது யார் தெரியுமா? ஆட்டோக்காரர். அவர் பாவம், வேறு எதைக் கேட்பார்? அடுத்த முறைக்குக் குமரன் முன்கூட்டியே போய் ஆட்டோக்காரரிடம், அம்மா ஏறினதும் வாயைத் திறக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கள் என்று சொல்லி வைத்தாராம்.

அவர்கள் மறுபடி வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"இது தட்டிப் போச்சுன்னா எனக்கு வேற மாப்ள பாக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஹாலில் நின்று ஒட்டை வெகுநேரம் பார்த்தார். பாய் வைத்தால் இழுப்பார்கள். மேசை வைத்தால் நடு ஹாலில் மேசை எதற்கு என்று கேட்பார்கள். "நானே உக்காந்துக்கறேன். மனுசன யாரு நகத்தப் போறாங்க" என்றார்.

அப்படியே செய்தார். வெள்ளை வேட்டியை அகலமாக விரித்து, சம்மணம் போட்டு, ஒட்டை முழுசாக மூடி உட்கார்ந்துவிட்டார். அப்பா நல்ல பருமன். அந்த உடம்பு குடும்பத்துக்கு உதவிய நாள் அதுதான். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். வந்தவர்களை எழுந்து வரவேற்காத வீட்டுக்காரரைப் பார்த்து அவர்களுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. முட்டி வலி என்றாள் அம்மா. பொய் வராத அம்மா. அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்று கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லலாம். ஃபேன் நின்றதும் குமரனின் அப்பா, வீட்டுக்காரர் கீழே இருக்கும்போது நாம் மேலே இருப்பது நன்றாயில்லை என்று இறங்கி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையில் கை வைத்தவர், "அட, சில்லுனு இருக்குதே" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் நாற்காலியை விட்டு இறங்கினார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தரை குடத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். குமரனின் அம்மா கடைசியாக இறங்கினார். உள்ளங்கையால் தரையைத் தடவினார். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தேங்கா எண்ணெயா அண்ணி?"

அம்மாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்த அம்மா சிவப்புத் தரை போட்ட வாடகை வீட்டில் இருந்தாராம். சோப்புப் போடலாமா கூடாதா, துளி மண்ணெண்ணெய் கலந்தால் ஈ வராதா, எண்ணெய் ஜாஸ்தியானால் தூசி ஒட்டுமா, இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்று, யாரும் நிமிர்ந்து பார்க்காததால் தானே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பாடச் சொல்லவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. குமரன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் அப்பாவின் முகம் வேறு மாதிரி மாறிக்கொண்டிருந்தது. அவர்கள் வருவதற்கு முன்னால் படபடப்பில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருந்தார். கொல்லைப்பக்கம் போக வேண்டும். போக முடியாது. நெற்றியில் வியர்த்தது. கரண்ட் இல்லாததால்தான் வியர்க்கிறது என்று குமரனின் அப்பா விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குமரனின் அம்மா, "நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டு மாத்திக்கலாம். சம்பந்திங்க ரெண்டு பேரும் எழுந்து கெழக்கப் பாத்து நில்லுங்க" என்றார்.

அப்பா உட்கார்ந்தபடியே மாற்றிக்கொள்ளலாமே என்றார். உட்கார்ந்து மாற்றினால் காரியம் உட்கார்ந்துவிடும் என்றார் அந்த அம்மா. முட்டி என்றார் அப்பா. அவ்வளவுதான், குமரன் எழுந்து வந்தார். "மாமா, கையக் குடுங்க" என்று அக்குளில் கை கொடுத்து, வலையை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பில் அப்பாவைத் தூக்கி நிறுத்திவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். கீழே பீட்ரூட் சிவப்பில் ஒட்டு பளபளவென்று கிடந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்னா அண்ணி?" என்றார் குமரனின் அம்மா.

"பால் காய்ச்சினப்ப வெடிச்சிது" என்றாள் அம்மா. "மணல் போட உடல. என் தப்புதான்."

அந்த அம்மா ஒட்டைப் பார்த்தார், கால் மாற்றி மாற்றி நெளிந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"பால் பொங்கிச்சா?"

"பொங்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"கெழக்கப் பக்கம்."

"பால் கெழக்கப் பொங்கிச்சின்னா அப்புறம் தரை எப்படிப் போனா என்னா?" என்றார் அவர். "அதுக்கா அண்ணன் இவ்ளோ நேரம் எழுந்திரிக்காம இருந்தாரு? மொதல்ல அவர கொல்லப்பக்கம் போய்ட்டு வரச் சொல்லுங்க. நல்ல நேரம் இன்னும் இருக்குது."

அப்பா ஓடின ஓட்டத்தைப் பார்த்து, முட்டி வலிக்காரரா இவர் என்று குமரனின் அப்பா சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா கண்ணைத் திறந்தாள். நான் அன்றைக்குச் சந்தோஷத்தில் மூன்று பேர் காப்பியைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒட்டின் ஜாதகமே மாறிவிட்டது. குமரன் மாமாவின் அம்மா எப்போது வந்தாலும் முதலில் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒருமுறை மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். சம்பந்தியை ஒன்றும் சொல்ல முடியாமல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் தெருமுனை திரும்பியதும் எண்ணெய்த் துணியோடு பாய்ந்தாள். மஞ்சள் கறை போகவே போகாது, தெரியுமில்லையா? சரியான இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு நிரந்தரமாக நின்றது.

அப்பாவும் அந்த இடத்தை விடவில்லை. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் யார் வந்தாலும் நேராகப் போய் ஒட்டின்மேல் உட்கார்ந்துகொள்வார். அக்கா தன் பெண்ணைச் சிதம்பரத்திலிருந்து தூக்கிவந்தால், குழந்தை அப்பாவின் மடியிலிருந்து நழுவி அந்த மஞ்சள் பொட்டைச் சுரண்டிப் பார்க்கும். அப்பாவின் வேட்டி தேய்த்துத் தேய்த்து ஒட்டு மற்ற தரையைவிட வழவழப்பாகிவிட்டது. மெஷின் வந்தாலும் அந்தப் பளபளப்பு வராது.

பிறகு ஒரு பெரும் புயல் அடித்தது. கூரை ஒழுகி, வீட்டுக்குள் தண்ணீர் நின்று, சிவப்பு அங்கங்கே உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் உள்ளே பொத்பொத்தென்று சத்தம். நாகப்பன் சொன்ன நூறு வருசத்தில் பெரும்பகுதி பாக்கி இருந்தது. அடுத்த வருஷம் டைல்ஸ் போட்டோம். நான் அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் ஒரு நாள் தன் முட்டியைத் தடவிக்கொண்டே, போதும்டா, இனிமேல் நின்றுகொண்டே துடைக்கலாம் என்றாள். வாசல் அண்டா கொல்லைக்குப் போனது. மீன் குழம்பு ஹாலுக்கு வந்தது. மணல்கூட வந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டைல்ஸ் போட்டு முடித்த மறுநாள் குமரன் மாமாவின் அம்மா வந்தார். ஹால் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கட்டம். எங்கே தொட்டுக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றார். எங்களுக்கும் தெரியவில்லை. இங்கே என்றாள் அம்மா, இல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி என்றேன் நான். அப்பா குளித்துவிட்டு வந்தார். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. வந்தவரை வாங்க என்று சொல்லிவிட்டு, வேட்டியை விரித்து, ஒரு இடத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா குனிந்து, அவர் வேட்டி ஓரத்தில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்களுக்குக் கவலை இல்லாமல் போயிற்று. அப்பா எங்கே உட்காருகிறாரோ அதுதான் இடம்.

அப்பா போய்ச் சில வருஷமாகிறது. காப்பிக் கடையிலிருந்து வந்த அன்று அம்மாவுக்குப் போன் பண்ணி, பால் பொங்கிய இடம் எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா போனைக் காதில் வைத்தபடியே ஹாலுக்குள் நடப்பது கேட்டது. கொஞ்ச தூரம் நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.

"தெரியலடா" என்றாள். "ஒங்கப்பாவுக்குத்தான் தெரியும்."